பஸ்ஸில் சொன்னதும் கூட்டத்தில் பதிந்ததும்

பத்தாவது வரை படித்தவள் நான். நாலு பேர் இருக்கும் அறையில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடக் கூசுவேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்து, உங்களைப் படிக்கவும் சொல்வது அதிகப்படிதான். பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டதால் எழுதும்படி ஆகிவிட்டது.

திருமங்கலத்தில் ஒரு விதைக் கம்பெனியின் குடோனில் வேலை பார்க்கிறேன். மூட்டைகளின் வாயைத் தைத்து லாட் நம்பர் ஒட்டுவது என் வேலை. வீடு உசிலம்பட்டியில். காலை ஆறரைக்குக் கிளம்பினால் திரும்பும்போது இருட்டிவிடும். போன வருடம் சர்க்கரை வியாதியால் என் கணவரின் வலது பாதத்தை எடுத்தார்கள். அதற்குப் பிறகு பகல் முழுக்க அவர் தனியாகத்தான் கிடக்கிறார். அந்த நிலையில்தான் மானேஜர், உசிலம்பட்டியிலேயே ஒரு கிளைக் குடோன் திறக்கப்போவதாகவும், எங்களில் ஒருவரை அதற்குப் பொறுப்பாகப் போடப்போவதாகவும் சொன்னார். எங்கள் தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். மத்தியானம் ஒரு எட்டு வந்து அவருக்குச் சோறு போட்டுவிட்டுப் போகலாம். எந்த வேலைக்கும் நான் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

எங்கள் குடோனில் திங்கட்கிழமைதோறும் கூட்டம் நடக்கும். அதில் நான் வாய் திறந்ததே இல்லை. லோடு ஏற்றும் அண்ணன் ஒருவர், "மூட்டைய தைக்கும்போது அக்கா தன் வாயையும் சேத்து தைச்சுட்டாக போல" என்று கேலி செய்வார். ஆனால் எனக்குத் தோன்றுவதையெல்லாம் பஸ்ஸில் ஒருத்தியிடம் சொல்வேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். பில் போடுகிறவள். பாதி வழியில் ஏறுவாள், அவளுக்கு நான் இடம் போட்டு வைத்திருப்பேன். நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, "நீங்க பேச வேணாங்க்கா, கூட்டத்துல நான் சொல்லிக்கிறேன்" என்பாள். சொல்லவும் செய்வாள். "எனக்கு ஒண்ணு தோணுது சார்" என்றுதான் தொடங்குவாள். கூட்டத்தில் அப்படித்தான் பேச வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன். என் யோசனை அவள் வாயிலிருந்து வருவதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பொறுப்புக்கு விருப்பம் உள்ளவர்கள், குடோனில் எடுத்த முடிவுகளில் தங்கள் பங்கு என்ன என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டும் என்றார் மானேஜர். "ஞாபகத்துல எழுதாதீங்க. அதுகிட்ட கேட்டு எழுதுங்க." அது என்று அவர் சொன்னது கம்ப்யூட்டரில் இருக்கும் சாட் உதவியாளரை. கூட்டங்களில் யார் என்ன சொன்னார்கள், என்ன முடிவானது என்ற குறிப்புகளையெல்லாம் அதற்குக் கொடுத்து வைத்திருந்தார்கள். தமிழில் தட்டினால் தமிழிலேயே பதில் வரும்.

எனக்குத் தட்டத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் அவளே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன கேக்கணும், சொல்லுங்கக்கா."

"பேரையூர் கடைகளுக்கு மத்தியான பஸ்ஸு மேல விதை ஏத்துனா வெயில்ல முளைப்பு கெட்டுப்போகுது, காலைல மொத பஸ்ல அனுப்பலாம்னு சொன்னோம்ல. அது யாரு சொன்னதுன்னு கேளு."

தட்டினாள். அவள் பெயரும் தேதியும் வந்தன. பழைய லாட் மூட்டைகளைச் சிவப்பு நூலால் தைத்தால் முதலில் எதை அனுப்ப வேண்டும் என்று தெரியும் என்றதைக் கேட்டேன். அதற்கும் அவள் பெயர்தான்.

"அது கூட்டத்துல கேட்டத தானக்கா சொல்லும்" என்று சிரித்தாள்.

"சரித்தா. எம்பேரப் போட்டுக் கேளு."

"அதெதுக்கு? சோறு ஆறுது பாருங்க."

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். நானே ஒரு விரலால் தேடித் தேடி என் பெயரைத் தட்டினேன். ஒரே ஒரு பதில் வந்தது. மழைக்காலத்தில் வெண்டை விதை மூட்டைகளைச் சுவரை ஒட்டி அடுக்கியது என் யோசனை என்று அவள் கூட்டத்தில் தெரிவித்ததாகவும், அந்த மூட்டைகளில் பூஞ்சை பிடித்ததாகவும், அந்தக் கூட்டத்துக்கு நான் வரவில்லை என்று குறிப்பில் இருப்பதாகவும் சொன்னது.

மூட்டைகளுக்கு அடியில் போடும் பலகை வரும்வரை ரெண்டு நாளைக்கு மட்டும் சுவரோரம் வைக்கலாம் என்று நான் பஸ்ஸில் சொன்னது உண்மை. பலகை வரப் பத்து நாள் ஆனது. மூட்டைகளை யாரும் நகர்த்தவில்லை. அந்தக் கூட்டத்தின் தேதியைப் பார்த்தேன். என் கணவரின் பாதத்தை எடுத்த நாள். அடுத்த வாரம் நான் வேலைக்குத் திரும்பியபோது மானேஜர் ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

"அன்னைக்கு நான் எங்க இருந்தேன்னு தெரியும்ல?"

"தெரியும்க்கா. ஆஸ்பத்திரில."

"காலைல போன் போட்டு அழுதேன்ல உங்கிட்ட."

"ஆமாக்கா." டிபன் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். "யாரு யாருன்னு சார் கேட்டுக்கிட்டே இருந்தாரு. இல்லாதவங்க பேரச் சொன்னா பேச்சு அதோட முடிஞ்சிரும்னு சொல்லிட்டேன். உங்கள யாரு திட்டப்போறா?"

"நல்லதுக்கெல்லாம் உம்பேரு."

"நீங்கதானக்கா பேச மாட்டேன்னீங்க."

அவள் எழுந்து போன பிறகு, முதல் பஸ்ஸும் சிவப்பு நூலும் நான் சொன்னவை, திருத்திவிடு என்று அரை மணி நேரம் தட்டித் தட்டிக் கேட்டேன். தன்னிடம் கூட்டக் குறிப்புகள் மட்டும்தான் இருக்கின்றன, வெளியே பேசியது தனக்குத் தெரியாது, அதைச் சரி என்றோ தவறு என்றோ சொல்ல முடியாது என்றது. குறிப்பில் சேர்க்க வேண்டும் என்றால் மானேஜரிடம் சொல்லலாம் என்றும் மரியாதையாகவே சொன்னது. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் கூட்டத்தில் சொன்னதைத்தான் அது வைத்திருந்தது.

சாயங்காலம் மானேஜர் முன்னால் போய் நின்றேன். தாளில், இந்த ரெண்டும் என் யோசனை, கூட்டத்தில் சொன்னது மட்டும் அவள் என்று எழுதியிருந்தேன். படித்தார்.

"குறிப்புல அப்படி இல்லையேம்மா. நீங்க சொன்னத யாராச்சும் கேட்டாங்களா?"

"அவ கேட்டா சார்."

உடனே அவளைக் கூப்பிட்டார். அவள் வந்து என் முகத்தைப் பார்க்காமல், "அக்காவும் நானும் பஸ்ல எம்புட்டோ பேசுவோம் சார். யாரு எதச் சொன்னோம்னு ஞாபகம் இல்ல" என்றாள்.

மானேஜர் தாளை மடித்து மேசைக்குள் வைத்தார். நான் வெளியே வந்தேன்.

மறுநாள் உசிலம்பட்டிக் குடோனுக்கு அவளைப் பொறுப்பாகப் போட்டிருப்பதாக மானேஜர் சொன்னார். எல்லோருக்கும் டீ வந்தது. அன்றும் வழக்கம்போல நாற்பது மூட்டை தைத்தேன்.