இரண்டாம் நாள் வலி

பல்கலைக்கழகத்தில் அன்று மின்தூக்கி பழுதாகி இருந்தது. மூன்றாம் மாடிக்குப் படியேறினேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் தொடைகள் நடுங்கத் தொடங்கின. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, சுவரிலிருந்த அறிவித்தல் பலகையை வாசிப்பதுபோல் நின்றேன். வாடகைக்கு அறை, பழைய பாடப்புத்தகம், காணாமற்போன பூனை. எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன். மூச்சு திரும்பி வந்தது. கால் வரவில்லை. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

உட்கார்ந்தே வாழ்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குடும்பத்தில் முதலில் படித்தவர் நீங்கள்தான் என்றால், இன்னும் கவனமாக வாசியுங்கள்.

நாங்கள் மன்னார்க்காரர். அப்பா கடற்தொழிலாளி, கைநாட்டு வைத்தவர். அம்மா கருவாடு காய வைத்தவர். அண்ணா பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி. அவர்தான் முதலில் நியூசிலாந்தின் ஓக்லாந்துக்கு வந்து, விரி என்ற புறநகரில் ஒரு பண்டகசாலையில் வேலை செய்து, அப்பா இறந்தபின் அம்மாவையும் என்னையும் அழைத்தவர். நான் உயிர்வேதியியல் படித்தேன். எங்கள் பரம்பரையில் அந்தச் சொல்லை உச்சரித்த முதல் ஆள் நான். அதில் எனக்கு இருந்த பெருமையை மறைக்கப் போவதில்லை.

படிக்கிற பிள்ளை பாரம் தூக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். மன்னாரில் நான் வாளியோடு கிணற்றடிக்குப் போனால் யாராவது ஓடிவந்து பறித்துவிடுவார்கள். இங்கும் அப்படித்தான். நகருக்கு வெளியே புக்கெகோஹி என்ற ஊரில் மரக்கறி பொதிசெய்யும் கொட்டகையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் அம்மா, நான் குடித்த கோப்பையையும் கழுவுவார்.

மாலையில் அம்மாவும் அண்ணாவும் செற்றியில் (மெத்தை வைத்த நீள இருக்கை) சாய்ந்து தங்கள் நோவுகளைப் பற்றிக் கதைப்பார்கள். யாருக்கு முதுகு, யாருக்குத் தோள், எந்தப் பெட்டியால் வந்தது, எந்த மேற்பார்வையாளரால் வந்தது. இடையில் சிரிப்பு. நான் மேசையில் புத்தகத்தோடு இருப்பேன். அந்தக் கதையில் சேர்க்க என்னிடம் ஒன்றும் இருக்காது. அந்த செற்றியில் எனக்கு ஓர் இடம் வேண்டும் என்று எத்தனை மாலைகள் ஏங்கினேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

படியில் கால் நின்றுபோனதைச் சொன்னதும் குடும்ப மருத்துவர் இரத்தம் எடுத்தார். ஓடுபட்டை இயந்திரத்தில் நடக்கவைத்து இதயத்தைப் பார்த்தார். இதயம் நலம். தசைநோயும் இல்லை. பயன்படுத்தாததால் தசைகள் தளர்ந்திருக்கின்றன என்றார். கூடவே இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. வீட்டில் யாருக்காவது நீரிழிவு உண்டா என்று கேட்டார்.

அப்பாவுக்கு இருந்தது. கடலோடு மல்லுக்கட்டிய மனிதருக்கே முதலில் பாதம் போயிற்று. பிறகு அவரே போனார்.

மூன்று மாதம் தருகிறேன், சர்க்கரை இறங்காவிட்டால் மாத்திரை என்றார் மருத்துவர். நான் மாத்திரைக்குப் பயப்படவில்லை. அப்பாவின் பாதத்தை நினைத்துப் பயந்தேன்.

அவர் அனுப்பிய பிசியோதெரபிஸ்ட் (உடற்பயிற்சியால் சிகிச்சை தருபவர்) மெலே என்ற சமோவாப் பெண். வலைப்பந்து அணிகளுக்குக் கொடுக்கும் பயிற்சியை எனக்காகக் குறைத்துக் கொடுத்தார். நிலையாக நிற்கும் சைக்கிளில் அரை நிமிடம் முழு வேகத்தில் மிதிக்க வேண்டும். பிறகு இரண்டு நிமிடம் மெதுவாக. இப்படி நான்கு முறை. கிழமைக்கு மூன்று நாள் மட்டும். வேகமாக மிதிக்கும்போது தசை தன்னிடமுள்ள கிளைகோஜனை (தசைக்குள் சேமிக்கப்பட்டிருக்கும் சர்க்கரை) எரித்துத் தீர்க்கிறது. பிறகு அதை நிரப்ப இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுக்கிறது. சில வாரங்களில் இழைமணிகளும் (உயிரணுவுக்குள் சக்தியை உண்டாக்கும் நுண்ணிய அடுப்புகள்) பெருகுகின்றன.

இதெல்லாம் எனக்குத் தெரியும், பரீட்சையில் படத்தோடு எழுதியிருக்கிறேன் என்று மெலேயிடம் சொன்னேன்.

"உன் புத்தகத்துக்கு என்னைவிட அதிகம் தெரியும். ஆனால் புத்தகத்துக்குத் தொடை இல்லை. ஏறு," என்றார் அவர்.

அரை நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் அறிந்தேன். பத்தாவது விநாடியில் கால்கள் எரிந்தன. இருபதாவது விநாடியில் படித்ததெல்லாம் மறந்தது. மறுநாள் நோவு ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் தொடை இரண்டும் கல்லாக இறுகி, கழிப்பறையில் உட்கார்ந்து எழ முடியவில்லை. புதிதாக உழைக்கும் தசை இப்படிப் பிந்தித்தான் நோகும், பயப்படாதே என்றார் மெலே.

இங்கேதான் நான் பிழைவிட்டேன். நான் பரீட்சைகளில் வென்ற வழி ஒன்றுதான். மற்றவர்கள் ஒரு தடவை படித்தால் நான் நான்கு தடவை படிப்பேன். வீட்டு வாசலில் பழைய சாமான் விற்கும் ஒரு கராஜ் சேலில் அண்ணா பழைய பயிற்சிச் சைக்கிள் வாங்கித் தந்தார். மூன்று நாள் நல்லது என்றால் ஏழு நாள் இன்னும் நல்லதுதானே. நான்கு முறை என்பதைப் பன்னிரண்டு ஆக்கினேன். நோவு கூடக்கூடப் புள்ளிகள் கூடுவதாகவே நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் சிறுநீர் பால் விடாத தேநீரின் நிறத்தில் போயிற்று. தொடைகள் வீங்கியிருந்தன. மருத்துவமனையில் படுக்கவைத்து இரத்த நாளம் வழியே திரவம் ஏற்றினார்கள். தசைச் சிதைவு (அளவுக்கு மீறி உழைத்த தசை இழைகள் உடைந்து, அவற்றின் புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகங்களைத் தாக்குவது) என்றார்கள். பழக்கமில்லாத உடம்பில்தான் இது எளிதில் வரும். இப்படி நிறம் மாறினால் ஒரு மணிநேரமும் காத்திருக்காதீர்கள்.

அண்ணா வேலை உடுப்போடு கட்டிலருகே வந்து நின்றார்.

"கடலுக்குப் போறவனே ஞாயிற்றுக்கிழமை வலையைத் தொடமாட்டான். நீ ஞாயிறும் மிதிச்சிருக்கிறாய். பட்டம் எடுத்த மூளைக்கு இது விளங்கேல்லையோ?"

"பட்டம் இன்னும் எடுக்கேல்லை அண்ணா."

"அப்ப சரி."

அம்மா சிரிக்கவில்லை. போர்வைக்கு வெளியே தெரிந்த என் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி அள்ள விட்டிருந்தா இந்தக் கால் இப்பிடிப் பூஞ்சையாப் போயிராது. நான்தான் விடேல்லை," என்றார். பாதத்தைப் போர்வைக்குள் எடுத்து வைத்தார். பிறகு, "உன்ர அப்பான்ர காலைக் கழுவிக் கட்டின கை இது. உன்ர காலையும் கட்ட வைச்சிடாதை, பிள்ளை."

நான்காம் நாள் வீடு திரும்பினேன். சில வாரங்கள் நடை மட்டும். பிறகு இரத்தப் பரிசோதனை சரியென்றதும் மெலே இரண்டு முறையிலிருந்து மறுபடி தொடங்கினார். ஓய்வு நாளில்தான் தசை தன்னைக் கட்டிக்கொள்கிறது. அந்த நாட்களைக் கடப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. ஒன்றும் செய்யாமல் இருப்பதை எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் கற்றுத்தரவில்லை.

மூன்று மாதம் ஐந்தாக நீண்டது. சர்க்கரை எல்லைக்கோட்டுக்குக் கீழே இறங்கியது. மருத்துவர் தாளை என் பக்கம் திருப்பிக் காட்டினார். அப்பாவின் வழி எனக்கு மூடிவிட்டதா என்று கேட்டேன். மூடாது, ஒவ்வொரு கிழமையும் நீதான் தள்ளிச் சாத்த வேண்டும், பயிற்சியை விட்டால் சில வாரங்களில் தசை பழைய நிலைக்குப் போய்விடும் என்றார். என் சான்றிதழ்கள் எதுவும் அப்படிக் காலாவதியாவதில்லை.

அந்தக் கோடையில் அம்மாவின் கொட்டகைக்குச் சனிக்கிழமைகளில் ஆள் தேவைப்பட்டது. நான் வருகிறேன் என்றேன். அம்மா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. சனி விடியற்காலை, வழக்கமான இரண்டு பேருக்குப் பதிலாக மூன்று பேருக்குச் சோறு கட்டியிருந்தார்.

வெங்காய மூட்டையின் ஒரு முனையை அம்மா பிடித்தார், மறுமுனையை நான். பாரத்தைத் தன் பக்கமே இழுத்துக்கொள்ளப் பார்த்தார். "விடுங்கோ அம்மா," என்றேன். கொஞ்சம் விட்டார். அடுத்த மூட்டைக்கு இன்னும் கொஞ்சம்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் இல்லை. திங்கள் மாலை என் நடையைப் பார்த்த அண்ணா செற்றியில் எனக்கு இடம்விட்டுத் தள்ளியிருந்தார்.

"எங்க நோகுது?" என்றார் அம்மா.

தொடையின் பின்பக்கத்தைக் காட்டினேன்.

"எனக்கும் அதிலதான்," என்று தன் தொடையைத் தேய்த்துக்கொண்டார். எந்த மூட்டையால் வந்தது என்று மூவரும் வெகுநேரம் கதைத்தோம்.

செவ்வாய்க்கிழமை எழுந்தபோது வலி போய்விட்டிருந்தது. விரலால் அழுத்தி அழுத்தித் தேடினேன். சனிக்கிழமைக்கு இன்னும் நான்கு நாட்கள் இருந்தன.