பின்வரிசை முகம்

உளியண்ணனுக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. சினிமா போஸ்டர் ஒன்றைக் கொடுத்தால் போதும், கதாநாயகனின் மூக்கு மரப்பலகையை விட்டு முன்னால் வந்து நிற்கும். செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வண்ணமும் பூசிவிட்டாரென்றால் தொட்டுப் பார்க்காமல் யாரும் போக மாட்டார்கள். ஆனால் மனுஷனுக்குப் பார்த்து வரையப் பொறுமை கிடையாது. போஸ்டரையே பலகையில் ஒட்டி, அதன் மேலேயே உளியை வைத்துவிடுவார்.

அவருடைய தம்பி சினிமாப் பைத்தியம். வேலைவெட்டியை விட்டுவிட்டு ஸ்டூடியோ வாசலில் காத்துக் கிடந்து, கூட்டக் காட்சிகளில் தலைகாட்டியவன். "கூட்டத்துல நிக்கிற மூஞ்சிக்கு இவ்வளவு பவிசா?" என்று நாலு பேர் முன்னால் அண்ணன் வாரிவிட்டதில் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்தது. அப்படிப்பட்டவன் ஒருநாள் தானாகவே பட்டறைக்கு வந்தான். கையில் ஒரு பழைய போஸ்டர்.

"இதைச் செஞ்சு குடுண்ணே. நல்லாப் பார்த்துச் செய்யி."

"எனக்கே சொல்லித் தர்றியாடா?"

தம்பி வந்துவிட்டான் என்ற சந்தோஷத்தில் உளியண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. உயிரைக் கொடுத்துச் செய்தார். கதாநாயகன் எடுப்பாக நிற்க வேண்டுமே என்று, பின்னாலிருந்த கூட்டத்தை மொத்தமாகச் சீவித் தள்ளி, அந்த இடத்தில் சிவப்பு வானம் தீட்டினார்.

வாங்கிப்போகத் தம்பி மனைவியோடு வந்தான். பலகையைப் பார்த்ததும் அவன் முகம் செத்துப்போனது. கதாநாயகனின் தோளுக்குப் பின்னால் விரலால் தடவினான். அவன் மனைவிதான் சொன்னாள்.

"இங்கதான் மாமா இவரு நின்னாரு. நீங்களா கண்டுபிடிச்சு, 'அடேய், நீயாடா!'ன்னு கேப்பீங்கன்னு ஆசையா இருந்தாரு. போஸ்டர்ல வந்ததே அந்த ஒரு தடவைதான். வேற காப்பிகூட இல்ல."

அட பாவி மனுஷா! உளியை வைக்கும் முன் அந்தக் கூட்டத்தை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா? காகிதம் மரச்சுருளோடு எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. சீவிய மரத்தைத் திரும்ப ஒட்டவா முடியும்?

உளியண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. வாய்க்கு வந்தபடி பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. அவசர அவசரமாக ஒரு துண்டுப் பலகையையும் பென்சிலையும் எடுத்தார்.

"இருடா, இப்பவே உன் முகத்தைச் செதுக்கிப் பதிச்சுடறேன். போஸ்டர்ல நீ எப்படிடா இருந்தே? சிரிச்சுக்கிட்டா?"

தம்பி பலகையைத் துணியில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"பொழுதன்னைக்கும் குனிஞ்சு அதைப் பார்த்துத்தானேண்ணே செதுக்கினே? நீயே சொல்லு."