சனிக்கிழமை வீடு

சீதாலட்சுமிக்கு ஒரே பெண், இரண்டு வீடு. ஒரு வீடு கர்நாடகப் பக்கம், பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில். அதில் அவளும் கணவன் கணேசமூர்த்தியும் மகள் கிருத்திகாவும் சாப்பிட்டு, தூங்கி, டிவி ரிமோட்டுக்குச் சண்டை போட்டு வாழ்ந்தார்கள். இன்னொரு வீடு அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குள், ஓசூருக்கு வெளியே ஒரு காலனியில். அதில் யாரும் வாழவில்லை. ஆனால் அரசாங்கத் தாள்களைக் கேட்டால் மூன்று பேரும் அங்கேதான் வாழ்ந்தார்கள்.

இந்த ஏற்பாடு கணேசமூர்த்தியின் மூளையில் உதித்தது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஏ.சி. பராமரிக்கிறவன். கிருத்திகா ஐந்தாவது படிக்கும்போதே அவளை மனசுக்குள் டாக்டராக்கிவிட்டான். கூட வேலை பார்ப்பவர் யாரோ கூப்பிட்டார் என்று, கோரமங்களாவில் ஓட்டல் ஹால் ஒன்றில் நடந்த இலவச ஆலோசனைக் கூட்டத்துக்குப் போனான். டை கட்டிய ஆள் ஒருவர் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டினார். தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் சீட்டுக்கு வருஷத்துக்கு இத்தனை லட்சம், ஹாஸ்டல் தனி, சாப்பாடு தனி, படிப்பு முடியும் வரை வருஷா வருஷம் இப்படியே. இலவசமாகக் கொடுத்த சமோசாவைக் கடிக்காமலே வைத்துவிட்டு வந்தான்.

"நம்ம வீட்ட வித்தாலும் ரெண்டு வருஷத்துக்குத்தான் வரும் சீதா" என்றான் வந்ததும்.

"நமக்கு ஏதுங்க வீடு" என்றாள் அவள்.

மிச்சமிருந்தது கவர்ன்மென்ட் காலேஜ். தமிழ்நாட்டில் அது நிறைய, ஃபீஸும் கையைக் கடிக்காது. ஆனால் அந்த வாசலில் பூட்டுகள் வரிசையாகத் தொங்கின. நீட் பரீட்சையில் நல்ல மார்க் வேண்டும். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அந்த மாநிலத்துப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இட ஒதுக்கீடு கேட்டால், அந்த மாநிலத்துப் பெண்தான் என்று நேட்டிவிட்டி சான்றிதழும் காட்ட வேண்டும். கணேசமூர்த்தியோ நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்து சேர்ந்த குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், ஆடி மாசம் கூழ் ஊற்றுவது மாரியம்மனுக்கு. தமிழ்நாட்டில் மட்டும் அவன் பேரில் ஒரு தாள் கிடையாது.

"பாப்பாவ ஓசூர் ஸ்கூல்ல போட்டுர்லாம். வேன்ல போய்ட்டு வரட்டும். அந்தப் பக்கம் சின்னதா ஒரு வீடு புடிச்சி, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாத்தையும் அந்த அட்ரஸுக்கு மாத்திட்டா ஆச்சு."

"அங்க யாரு இருப்பாங்க?"

"யாரும் இருக்க வேணாம். இருக்கற மாதிரி இருந்தா போதும்."

கர்நாடகத்தில் சீட் கேட்க ஏழு வருஷம் இங்கே படித்திருக்க வேண்டும். ஐந்தாவதோடு கிளம்பியவளுக்கு அந்தக் கதவும் சாத்தியாகிவிட்டது. அதாவது, கிருத்திகா டாக்டராவதும் ஆகாததும் இனி அந்தக் காலனி வீட்டின் கையில்.

இருக்கிற மாதிரி இருக்க வைக்கும் வேலை யார் தலையில் விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. சீதாலட்சுமி ஹெப்பகோடியில் ஒரு கார்மென்ட்ஸில் செக்கிங் டேபிளில் வேலை பார்த்தாள். வெளிநாட்டுக்குப் போகும் துணிகளில் தையல் கோணியிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பஸ் ஏறி எல்லை தாண்டுவாள். பூட்டைத் திறந்து, பெருக்கி, வாசலில் கோலம் போடுவாள். தெருவுக்குக் கேட்கட்டும் என்று குக்கரில் நாலு விசில் விடுவாள். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு மூன்று தட்டையும் கழுவிக் கவிழ்ப்பாள். மீட்டர் ஓட வேண்டுமே என்று ஃபேனைப் போட்டுவிட்டே வருவாள். ஜன்னலோரம் கிருத்திகாவின் பழைய பாடப் புத்தகங்கள். ஜன்னல் வழியே தெரியும்படி உள்கொடியில் அவளுடைய ஆறாவது வகுப்பு நீலப் பாவாடை. பிள்ளை வளருமே என்று அடியில் பெரிய மடிப்பாக வைத்துத் தைத்தது.

எதிர் வீட்டில் இட்லி மாவு விற்கும் ருக்குவிடம் முதல் வாரமே சொல்லி வைத்தாள். "யாராச்சும் கேட்டா, பொண்ணு இங்கதான் இருக்குன்னு சொல்லுங்கக்கா."

"சொன்னா போச்சு" என்றாள் ருக்கு.

ஒரு பொய்யை ஒழுங்காகப் பராமரிப்பது நிஜ வீட்டைப் பராமரிப்பதைவிடக் கஷ்டம். சீதாலட்சுமி அதைக் குறையில்லாமல் செய்தாள். கிருத்திகா மட்டும் ஒரே ஒரு தடவை அம்மாவோடு வந்து, கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, "நான் இனிமே இங்க வரலம்மா" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "இது என் வீடு இல்ல" என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு வேறென்ன சொல்லத் தெரியும் என்று அம்மா விட்டுவிட்டாள்.

அப்புறம் கொரோனா வந்தது. அத்திப்பள்ளியில் தடுப்பு வைத்து எல்லையை அடைத்தார்கள். வாரங்கள் மாதங்களாயின. சனிக்கிழமைகளில் சீதாலட்சுமி சந்தாபுரா மொட்டை மாடியில் துணி காயப் போட்டபடி ஓசூர்ப் பக்கம் பார்ப்பாள். வீடு என்ன கதியில் கிடக்கிறதோ, யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயம்.

வழி திறந்ததும் முதல் பஸ்ஸில் போனாள். ருக்கு தெருவிலேயே மறித்துப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல அம்மாம்மா நீ. புள்ளைய தனியா விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டீங்க. நான்தான் ஜன்னல் வழியா ஒரு தட்டு சோறு குடுத்தேன் தெனம். தட்ட கழுவிக் குடுத்துரும், பாவம். ஒரு வார்த்த பேசாது."

சீதாலட்சுமி சிரித்தாள். சொல்லச் சொன்னதை ருக்கு எவ்வளவு நன்றாகச் சொல்லப் பழகியிருக்கிறாள் என்று நினைத்து, கும்பிடாத குறையாக நன்றி சொன்னாள். ருக்கு சிரிக்கவில்லை. "பாவாட வேற குட்டையாயிடுச்சி. முட்டி தெரியுது" என்று சொல்லிவிட்டு மாவு கரைக்கப் போய்விட்டாள்.

கதவைத் திறந்தால் தூசி இருந்தது. எங்கேயும் யாரும் நடந்த அடையாளமில்லை. கொடியில் பாவாடை தொங்கியது. கண் தன்னால் அடித்தையலுக்குப் போனது, பிழைப்பு அது. மடிப்பு பிரிக்கப்பட்டிருந்தது. துணி ஒரு சாண் கீழே இறக்கப்பட்டு, ஓரம் புதிதாகத் தைக்கப்பட்டிருந்தது. மெஷின் தையல் இல்லை, கைத்தையல். ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஊசி பிடித்துப் பழகாத பிள்ளை யாருடைய உதவியும் இல்லாமல் தைத்த தையல். செக்கிங் டேபிளில் அதைப் பார்த்திருந்தால் தூக்கிப் போட்டிருப்பாள். அன்றைக்கு அதைக் கையில் வைத்துக்கொண்டு, முதுகில் ஃபேன் காற்று பட, எவ்வளவு நேரம் நின்றாளோ. குக்கரில் விசில் விடவில்லை. பூட்டிக்கொண்டு ஓட்டமாகப் பஸ்ஸுக்கு வந்துவிட்டாள்.

கணேசமூர்த்தியிடம் சொன்னதற்கு, "சும்னே இரு சீதா, சும்மா பயந்துக்காத. ருக்கு அக்காகிட்ட சாவி ஏதாச்சும் இருக்கும்" என்றான். சாவி ஒன்றுதான். அது அவள் கைப்பையில் இருந்தது. அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? வீட்டை விட்டால் சீட் போச்சு. மறு சனிக்கிழமையும் போனாள். இந்தத் தடவை கிருத்திகாவின் பெரிய பாவாடை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடியில் போட்டாள். ஏன் போட்டாள் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை.

வருஷங்கள் ஓடின. கிருத்திகா பன்னிரண்டாவது முடித்து நீட் எழுதினாள். மார்க் வந்தது. ஒதுக்கீடு இருந்தால் கவர்ன்மென்ட் காலேஜ் கிடைக்கும், இல்லாவிட்டால் கிடைக்காது என்கிற மாதிரி நடுவில் நிற்கும் மார்க். கணேசமூர்த்தி நேட்டிவிட்டிக்கு விண்ணப்பம் போட்டான். விசாரணைக்கு வியாழக்கிழமை வருவதாகக் கிராம நிர்வாக அலுவலர் சுந்தரேசன் போனில் சொன்னார். கிருத்திகாவைப் புதன்கிழமை இரவே அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பதாக ஏற்பாடு. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சம்மதித்திருந்தாள்.

ஆனால் சுந்தரேசன் செவ்வாய்க்கிழமை மத்தியானமே வந்துவிட்டார். ஃபேக்டரியில் இருந்தபோது ருக்குவின் போன். "ஆபீசர் வந்திருக்காரும்மா, சீக்கிரம் வா." சீதாலட்சுமி சந்தாபுரா வீட்டுக்குப் போன் போட்டாள். இரண்டு நாளாகக் காய்ச்சலில் கிடந்த கிருத்திகா தூக்கக் குரலில், "என்னம்மா, கஞ்சி குடிச்சிட்டுப் படுத்திருக்கேன்" என்றாள். அவளைக் கிளப்பி எல்லை தாண்ட நேரமில்லை. ஆட்டோக்காரனிடம் பேரம்கூடப் பேசாமல் ஏறினாள். ஏழு வருஷ வாடகை, ஏழு வருஷக் கோலம், எல்லாம் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு ஒரு ஆள் எழுதப் போகும் ஒரு வரியில் போகப்போகிறது என்று வழி நெடுக அழுதாள்.

போய் இறங்கியபோது சுந்தரேசன் ருக்கு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, நிதானமான ஆள்.

"நீங்கதான் அம்மாவா? வாங்க. பொண்ணுகிட்ட பேசிட்டேன்" என்றார்.

சீதாலட்சுமி கைப்பைக்குள் சாவி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள்.

"கதவு வெளிய பூட்டியிருந்துது. ஜன்னல்லதான் வந்து பேசுச்சு. பேரு கிருத்திகா, ஆறாவதுலேருந்து இங்கதான் இருக்கேன், வேற எங்கயும் போனதில்லன்னுச்சு. சரி, அந்தக் கேள்வி முடிஞ்சுது." டம்ளரைக் கீழே வைத்தார். "அம்மா எங்கம்மான்னு கேட்டேன். சனிக்கிழம வருவாங்க, பெருக்கிட்டுப் போயிடுவாங்கன்னுது. உன்கிட்ட பேச மாட்டாங்களான்னேன். அவங்க என்னைய இன்னும் பாக்கலன்னு சொல்லுதும்மா."

எதிரில் ஜன்னல் திறந்திருந்தது. கொடியில் பாவாடை அசையாமல் தொங்கியது. அதற்குப் பின்னால் இருட்டு.

"எனக்கும் பொண்ணு இருக்கு, அதனால கேக்கறேன். வயசுப் புள்ளைய இப்பிடியா பூட்டி வெச்சிட்டுப் போவீங்க? டாக்டருக்குப் படிக்க வெக்கறதெல்லாம் சரி. என்ன பாவம் பண்ணுச்சு அது?" பேனாவை எடுத்தார். "ரிப்போர்ட்டுல எழுதணும். அது உங்க பொண்ணுதானே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. சந்தாபுராவில் காய்ச்சலோடு படுத்திருக்கும் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தாள். கூடவே, கழுவின தட்டை ஜன்னல் கம்பி வழியே நீட்டுகிற ஒரு கையும். பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிட வெட்கமாக இருந்தது.

"என் பொண்ணுதான் சார்" என்றாள். "தப்பு என்னுதுதான். இனிமே அப்பிடி விட மாட்டேன்."

அவர் எழுதிக்கொண்டு போனார். அவள் பூட்டைத் திறந்து உள்ளே போனாள். வழக்கம் போல யாரும் இல்லை. கூடத்து நடுவில் உட்கார்ந்தாள். பேர் சொல்லிக் கூப்பிடலாமா என்று யோசித்தாள். என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவது என்று தயங்கத் தேவையில்லை. ரேஷன் கார்டில் அவளே எழுதிக் கொடுத்த பேர்தான். "கிருத்திகா" என்றாள் மெல்ல. பதில் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அங்கேயே இருந்து, நடந்ததையெல்லாம் சுவரைப் பார்த்துச் சொன்னாள். சமைத்து இரண்டு தட்டில் போட்டாள். ஒரு தட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

சான்றிதழ் வந்தது. சீட்டும் கிடைத்தது, தெற்கே ஒரு ஊர்க் கவர்ன்மென்ட் காலேஜில். கணேசமூர்த்தி தெரு முழுக்க ஸ்வீட் கொடுத்தான். ஒரு வருஷ ஃபீஸைக் கட்டிவிட்டு, "இவ்ளோதானா?" என்று இரண்டு தடவை கேட்டான். பிறகு, "அந்த வீட்ட காலி பண்ணி அட்வான்ஸ வாங்கிரலாம், இனி எதுக்கு அது?" என்றான்.

"அது இருக்கட்டும்" என்றாள் சீதாலட்சுமி.

"யாரு இருக்கறாங்கன்னு வாடக குடுக்கறது?"

"ஓவர்டைம் பாத்து நான் குடுக்கறேன். நீங்க கேக்காதீங்க."

கணவன் மலைத்துப்போய்ப் பார்த்தான். பெண் விடுதிக்குப் போகிற துக்கம் என்று எடுத்துக்கொண்டு, அதற்குமேல் பேச்சை வளர்க்கவில்லை.

காலேஜ் திறக்கும் முன் வாங்க வேண்டிய சாமான்களில் வெள்ளைக் கோட்டும் ஒன்று. ஹெப்பகோடியில் ரவி டெய்லர் அதைத் தைப்பார். கிருத்திகாவைக் கூட்டிக்கொண்டு போய் அளவு கொடுத்தாள். மகள் பக்கத்துக் கடையில் பேனா வாங்கப் போன நேரத்தில், "ரெண்டு தெச்சிருங்க" என்றாள்.

"தொவைக்கறதுக்கு மாத்தா வேணுமாக்கா?"

"இல்ல. எனக்கு ரெண்டு பொண்ணுங்க."

"அப்பிடியா, தெரியாதே. அவங்களுக்கு அளவு?"

 முட்டி தெரிகிறது என்று ருக்கு சொன்னதற்கு அப்புறம் எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று யார் கண்டது.

"இதே அளவுதான். ஆனா கையிலயும் கீழயும் நல்லா மடிப்பு விட்டுத் தைங்க" என்றாள். "வேணும்னா அவளே பிரிச்சிக்குவா."