புனிதாவின் வீட்டில் அப்பா வாழ்ந்த காலம்

அப்பா மறைந்த முதலாண்டில் இந்த நினைவு மலரை வாங்கிப் புரட்டும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இதில் அப்பாவின் ஒரு தவற்றையும் எழுதுகிறேன். மருத்துவமனையில் அவரே கேட்டுக்கொண்டது அது. "நான் போனப்புறம் புத்தகம் போடுவீங்கதானே? அந்தப் பிள்ளை விசயத்த மறைக்காம எழுதும்மா" என்றார்.

அப்பா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். தண்டவாள வேலை செய்த தாத்தா இறந்தபோது அப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொன்னார்கள். அதன்பின் சொந்தக்காரர் வீட்டுக் கூடத்திலும் கடையின் பின்கட்டிலும் ஒண்டி வளர்ந்தார். போர்ட் கிள்ளானில் லோரி கழுவத் தொடங்கி, பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் கண்டெய்னர் லோரி ஓட்டினார். கோபக்காரர், ஆனால் வழியில் பழுதாகி நிற்கும் வண்டியைக் கண்டால் இறங்காமல் போகமாட்டார்.

கிள்ளானில் பழைய பலகை வீட்டை வாங்கியபோது எனக்கு எட்டு வயது. "இனிமே யாரும் நம்மள வெளிய போன்னு சொல்ல முடியாது" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

குடிபுகும் முன் கூரைக்கடியில் பலகை மாற்ற ஏறியவருக்கு ஒரு பிளாஸ்டிக் பொட்டலம் கிடைத்தது. உள்ளே ஒரு பெண் குழந்தையின் பிறப்புப் பத்திரம். பெயர் புனிதா. முகவரி இதே வீடு என்பதால், முன்பு வாடகைக்கு இருந்தவர்களின் பிள்ளை என்று அப்பாவுக்குப் புரிந்தது. அவர்களைத் தேடப்போனால் வீட்டில் உரிமை கேட்டு வந்துவிடுவார்களோ என்று அப்பா பயந்தார். பொட்டலத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினார். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தபோது, அலமாரியைக் காலி செய்த என் கையில் அது கிடைத்தது. "யாருப்பா புனிதா?" என்று கேட்டேன். அப்பா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

மறுநாள், எங்களுக்கு முன்பிருந்தே எதிர்வீட்டில் குடியிருக்கும் லோகா ஆன்டியிடம் போனோம்.

"புனிதாவோட அம்மா உங்க பின்ரூம்லதான் செத்தா அண்ணே" என்றார் ஆன்டி. "புருசன் துறைமுகத்துல அடிபட்டுப் போயிட்டான். அப்புறம் இவளும் காய்ச்சல்ல படுத்தவதான். ஒருநாள் முழுக்க அந்தப் பிள்ளை பக்கத்துலயே உக்காந்திருந்துச்சு, அம்மா தூங்குதுன்னு. நாங்க யாருமே எட்டிப் பாக்கல."

அந்தப் பின்னறையில்தான் நானும் தம்பியும் படுத்து வளர்ந்தோம்.

"ஏன் ஆன்டி எங்ககிட்ட சொல்லல?"

"புதுசா வீடு வாங்கி வந்தவங்ககிட்ட சாவுக் கதைய எப்படிலா சொல்றது? அண்ணனும் ஒரு வார்த்த கேக்கலியே. எதிர்லதானே இருந்தேன்."

வெள்ளத்துக்குப் பயந்து அந்த அம்மா காகிதங்களைக் கூரைக்கடியில் வைப்பாராம். ஆறு வயதுப் புனிதாவை, சுங்கை பூலோவில் செடி நர்சரியில் வேலை செய்த தூரத்து மாமா அழைத்துப் போயிருக்கிறார்.

அப்போது அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஆனாலும் ஞாயிறுதோறும் என்னைக் கார் ஓட்டச் சொல்லி, நர்சரி நர்சரியாக விசாரித்தார். ஐந்தாவது மாதம், ஒரு நர்சரியில் சொன்ன அடையாளத்தை வைத்து, ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்னால் தட்டு கழுவிக்கொண்டிருந்த புனிதாவைக் கண்டோம். பெற்றோரின் முழுப் பெயர்கூட மாமாவுக்குத் தெரியாததால் புதுப் பத்திரம் எடுக்க முடியாமல் போயிருந்தது. பள்ளி இல்லை, அடையாள அட்டை இல்லை. திருமணத்தைப் பதியவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் பத்திரம் இல்லை.

கையைத் துடைத்துவிட்டுப் பத்திரத்தை வாங்கியவர், "இது எங்க இருந்துச்சு அங்கிள்?" என்றார்.

நேற்றுதான் கிடைத்தது என்று அப்பா சொல்லியிருக்கலாம். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"என் அலமாரியிலம்மா. இருபத்தெட்டு வருசமா."

"நான் ஸ்கூலுக்குப் போகணும்னு அழுதப்பவும் அங்கதான் இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"போயிடுங்க அங்கிள்."

அப்பா போனார். அடுத்த ஞாயிறு மீண்டும் வந்து நின்றார். மூன்றாவது ஞாயிறுதான் புனிதா எங்களுடன் வரச் சம்மதித்தார், அந்தப் பத்திரத்துக்குரிய பிள்ளை அவர்தான் என்று சாட்சி சொல்ல ஆள் வேண்டும் என்பதால். டயாலிசிஸ் இல்லாத நாள்களில் அப்பாவும் லோகா ஆன்டியும் அவருடன் பதிவு அலுவலகத்தில் காத்திருந்தார்கள். அந்த ஓராண்டும் புனிதா அப்பாவிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. அப்பாவும் எதிர்பார்க்கவில்லை. அட்டை வரும் முன்பே போய்ச் சேர்ந்தார்.

நான்கு மாதம் கழித்துப் புனிதா அட்டையுடன் வீட்டுக்கு வந்தார். "எங்கம்மா இருந்த ரூம காட்டுங்கக்கா" என்றார். வெறுந்தரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் வெளியே நின்றேன். மலரில் எழுதச் சொல்லி அப்பா கேட்டதைச் சொன்னேன். புறப்படும்போது, "புத்தகத்துல நான் மன்னிச்சிட்டேன்னு மட்டும் எழுதிடாதீங்க. இன்னும் முடியல" என்றார்.

எழுதவில்லை, புனிதா.

அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட டயாலிசிஸ் நிலையத் தாதியருக்கும், தள்ளாமையிலும் உடன் அலைந்த லோகா ஆன்டிக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. புனிதாவின் பிள்ளைகளுடைய பத்திர விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. மூத்தவளுக்குப் பத்து வயது. இன்னும் பள்ளி வாசல் மிதிக்கவில்லை. இதைப் படிப்பவர்களில் வழி தெரிந்தவர்கள் யாரேனும் இருந்தால் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எந்த நேரமானாலும் திறப்போம்.