லாட்டரித் தாளைச் சாட்சிக்கு வைத்த பிரேமா

பிரேமாவுக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் மாட்டிக்கொண்டாள்.

கரமனையில் அவள் வீட்டுக்கு ஹோம் நர்ஸாகத் தினமும் காலை ஏழு மணிக்குப் போவேன். அவளுடைய மாமியார் கோமதியம்மாளுக்குப் பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்து மூன்று வருடமாகிறது. உடம்பு துடைத்து, துணி மாற்றி, புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்துவிட்டு மத்தியானம் கிளம்புவேன். அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது பிரேமாவின் வேலை. கோமதியம்மாளின் நாக்குக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

பூதப்பாண்டியிலிருந்து கல்யாணமாகி வந்தவள் பிரேமா. சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் பதினோரு வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தாள். உட்கார ஸ்டூல் கேட்டதற்கு, சட்டம் வரட்டும் என்றாராம் முதலாளி. சட்டம் வந்தது. ஸ்டூல் வரவில்லை. மாமியார் படுத்ததும் வேலையை விட்டாள். போனில் ஒரு விற்பனை ஆப்பில் நைட்டிக் கடை திறந்தாள். கட்டிலில் மாமியார், கட்டிலடியில் நைட்டி மூட்டை. இரண்டையும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம்.

இந்த ஓணத்துக்கு முன்னால் விலைபோகாத நிறங்கள் தேங்கிவிட்டன. அதற்கு அவள் கண்டுபிடித்த மருந்து, அதிர்ஷ்டப் பொட்டலம். உள்ளே மூன்று நைட்டி, என்ன நிறம் என்று சொல்லமாட்டாள். ஒவ்வொரு பொட்டலத்துக்கும் இரண்டு இலக்கத்தில் ஓர் எண். அன்றைய அரசு லாட்டரியின் முதல் பரிசு எண் அந்த இரண்டு இலக்கத்தில் முடிந்தால் ஜரிகைக் கரை வைத்த ஒரு கசவுச் சேலை இலவசம்.

தான் குலுக்கினால் சந்தேகப்படுவார்கள், சர்க்கார் குலுக்கினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த ஊரில் லாட்டரி சூதாட்டம் அல்ல; பால், பத்திரிகை போல. அவள் புருஷன் தங்கபாண்டி, கொத்தனார், முப்பது வருடமாகத் தினம் ஒரு சீட்டு எடுப்பவர். சாயங்காலம் முடிவுத் தாளோடுதான் வீட்டுக்கு வருவார். மனைவியின் வியாபாரத்துக்கு அவர் செய்த ஒரே உதவி அந்தத் தாள்.

மூன்றாம் நாள் ஆப் கடையைப் பூட்டியது. காரணம்: சூதாட்டம், அதிர்ஷ்டம் சார்ந்த விற்பனை. இரண்டு தடவை மேல்முறையீடு செய்யலாம். இரண்டும் தோற்றால் கடை நிரந்தரமாகக் கிடையாது.

"என்னைப் பார்த்தா சூதாடுறவ மாதிரியா இருக்கு அக்கா?"

"ஆப்புக்கு உன் முகம் தெரியாது."

"காலையில தொறந்ததும் அந்த ஆப்பே ஒரு சக்கரத்தைச் சுத்தச் சொல்லுதே, கூப்பன் விழும்னு. அது சூதாட்டம் இல்லே, அல்லே?"

"அது முதலாளி வீட்டுச் சக்கரம்."

"ஏட்டி, எம் மகனை முப்பது வருஷமா ஒருத்தனும் பூட்டல," என்றாள் கோமதியம்மாள் கட்டிலிலிருந்து. "மூணே நாள்ல ஒன்னயப் பூட்டிட்டான். நீதான் சாமர்த்தியக்காரி."

மறுநாள் நான் போவதற்குள் முதல் மேல்முறையீடு போய்விட்டிருந்தது. மாமியாரின் நோய், ஜவுளிக்கடை ஸ்டூல், கால்வீக்கம் எல்லாம் அதில் இருந்தன. போதாததற்கு, தன் நேர்மைக்குச் சாட்சியாக மூன்று நாள் லாட்டரித் தாளையும் படம் பிடித்துச் சேர்த்திருந்தாள். நிராகரிப்பு இரண்டே நிமிடத்தில் வந்ததாம். ஆப்புக்கு ஆதாரம் தேடும் சிரமம் கூட வைக்கவில்லை அவள்.

"சாலைக் கடைக்கே திரும்பிப் போயிரட்டா?"

"போ. மத்தியானத்துக்கு மேல இவங்களை யார் புரட்டுவா?"

"நான் ஒரு பக்கமா கெடந்துக்கிடுதேன்," என்றாள் கோமதியம்மாள்.

ஒரு பக்கமாகவே கிடந்தால் பத்து நாளில் இடுப்பு புண்ணாகிவிடும் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"அந்த ஆப்போட விதியைப் படிச்சியா?" என்று கேட்டேன்.

"சம்மதம்னு ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன்."

நான் படித்தேன். வாங்குபவருக்கு என்ன கிடைக்கும் என்பது பணம் கொடுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். எதையும் குலுக்கலில் கொடுக்கக் கூடாது. நியாயமான விதிதான். எழுதியவர்களும் ஒருமுறை படித்திருக்கலாம்.

விற்றது ஒன்பது பொட்டலம். கசவுச் சேலை யாருக்கும் விழவில்லை. பில்லில் இருந்த போன் எண்களுக்கு ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, வேண்டாதவர்கள் திருப்பி அனுப்பலாம் என்று சொல்லவைத்தேன். பிறகு மீதிப் பொட்டலங்களைப் பிரித்து ஒவ்வொரு நைட்டியையும் படம் எடுக்கச் சொன்னேன்.

வேலை மாறும்போது அடுத்து வருபவளுக்கு நாங்கள் குறிப்பு எழுதிவைப்போம்: என்ன நடந்தது, என்ன செய்தாயிற்று, இனி என்ன செய்ய வேண்டும். அழுகைக்கு அதில் இடமில்லை. இரண்டாவது மேல்முறையீட்டை அப்படியே எழுதவைத்தேன். மூன்று வரி.

"லாட்டரித் தாளைச் சேர்க்கட்டா அக்கா?"

"கையை ஒடிச்சிருவேன்."

அதை அனுப்பிய நான்காம் நாள் கடை திறந்தது. முதலில் வந்த செய்தி கல்லாற்றிலிருந்து, ஷைலஜா என்பவள். அந்த சர்ப்ரைஸ் பொட்டலம் இல்லையா என்று கேட்டிருந்தாள். இனி எல்லாம் பார்த்தே வாங்கலாம் என்று பெருமையாகப் பதில் போட்டாள் பிரேமா. பார்த்துவிட்டு, வேண்டாம் என்றாள் ஷைலஜா.

மற்ற நிறங்கள் ஓணத்துக்குள் மெதுவாகப் போய்விட்டன. கடுகு நிறத்தை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

"அதை எனக்குப் போடு," என்றாள் கோமதியம்மாள். "உடுத்துக்கிட்டு நானா கண்ணாடி பார்க்கப்போறேன்?"

மறுநாள் காலை அதைத்தான் போட்டுவிட்டேன். முன்பக்கம் ஜிப், தளர்ந்த கை. புரட்டுவதற்கு நல்ல வசதி.