திரும்பிப் பார்க்காத குருசாமி

குருசாமி காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் ராஜபாளையத்து பஸ்ஸின் டிரைவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் டிரில் மாஸ்டராக இருக்கும் பள்ளிக்கூடத்து வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "உங்க கூட்டாளி போயிட்டாரு சவரி சார். காய்ச்சல்தான். விடியக்காலம் எந்திரிச்சு உக்காந்து, வாசலப் பாத்து 'வந்துட்டியா'ன்னு கேட்டாராம். அம்புட்டுதான்" என்றார். எமனுக்குக் கண் இல்லையா என்று சத்தமாகவே திட்டிவிட்டேன். ஒரு கத்தோலிக்கன் பேசுகிற பேச்சல்ல அது.

குருசாமி ஓடுவதைப் பார்த்தவர்கள் நம் பக்கம் இன்னும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருஷாவருஷம் நடந்த பந்தயத்தில் அவரே முதல். இரண்டாவதாக வருவது என் பிழைப்பு. எரிச்சல் இல்லை என்று சொன்னால் பொய். மதுரையிலும் திருநெல்வேலியிலும் கோப்பை வாங்கிய அந்தக் கால்கள் செருப்பைக் கண்டதில்லை. ஓடும்போது அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். என்ன கட்டுப்பாடு என்று ஊரே மெச்சியது. நானும் பையன்களிடம் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

பின்னால் ஓடிய எனக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. ராஜபாளையத்து நாய்கள் லேசில் யாரையும் விடாது. குருசாமி போகும்போது அவை ரோட்டோரம் படுத்தபடியே கிடக்கும். அவர் கடந்துபோன கொஞ்ச நேரத்தில் எழுந்து நிற்கும். வெறும் ரோட்டில் யாரோ ஓடிப் போவதைப் பார்ப்பதுபோல மெல்லத் தலையைத் திருப்பும். குரைக்காது. அப்புறம் நான் வருவேன். என்னைப் பார்த்துத்தான் குரைக்கும்.

ஒருமுறை சென்னைக்குப் போனோம். மைதானத்தில் வட்டமாகப் பல சுற்று ஓட வேண்டும். முன்னால் ஓடிக்கொண்டிருந்த குருசாமி பாதியில் நின்று, கயிற்றைத் தாண்டி வெளியே போய்விட்டார். முகம் வெளுத்திருந்தது. ஊர் திரும்பும் ரயிலில்தான் விஷயத்தைச் சொன்னார். வாலிப வயதில் தன் அண்ணன் சுப்பையாவுக்குக் கொள்ளி வைத்தவர் அவர். கொள்ளி வைத்தவன் திரும்பிப் பாராமல் போக வேண்டும். பின்னால் அண்ணன் கூப்பிட்டதுபோல் இருக்கவே, இவர் திரும்பிவிட்டார். எதைப் பார்த்தார் என்று சொல்லவில்லை. சுடுகாட்டிலிருந்து வீடு வரை ஓடியதுதான் தன் முதல் ஓட்டம் என்றார்.

"அன்னையிலருந்து அண்ணன் என் பின்னாலயே வாரான், சவரி. இன்னொரு தடவ திரும்புனா கூட்டிட்டுப் போயிருவான். இங்க வட்டமால்ல ஓடச் சொல்லுதானுவ. பின்னால வாரவன் முன்னால வந்துட்டான்னா?"

கிண்டல் பண்ண வாயெடுத்தேன். பெட்டியில் எங்களைத் தவிர ஆளில்லை. இருந்தும் அவர் ஜன்னலோரம் ஒடுங்கி, பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை கோப்பையும் உயிருக்குப் பயந்து ஓடி வாங்கியவை என்று அன்றுதான் புரிந்தது.

"கோபுரம் தெரிஞ்சிட்டா ஓட்டம் முடிஞ்சுதுன்னு நினைக்காத. அது தெரிஞ்சுக்கிட்டே இருக்கும், வராது" என்று அடிக்கடி சொல்வார். எங்கள் கடைசிப் பந்தயத்தில், ஆண்டாள் கோவில் கோபுரம் தெரியத் தொடங்கிய இடத்தில், வெயிலில் எனக்குக் கண் இருட்டியது. ரோட்டோர வாய்க்காலில் குப்புற விழுந்தேன். முகம் தண்ணீருக்குள். கூப்பிட வாயைத் திறந்தால் தண்ணீர்தான் உள்ளே போனது. குருசாமி வெகுதூரம் முன்னால் போயிருந்தார். மற்றவர்கள் எங்கோ பின்னால்.

நினைவு வந்தபோது அவர் என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார். கோப்பைக்கு வேறொருவன் ஓடிக்கொண்டிருந்தான். நான் கூப்பிடவே இல்லையே, எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"அண்ணன் கூப்பிட்டான்" என்றார். "இன்னையோட போயிருவோம்னு தெரிஞ்சுதான் திரும்புனேன். பாத்தா, ரோட்டுல இல்ல, வாய்க்கால்ல நிக்கான். உன் தலையத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு."

தாடைக்குக் கீழே ஏதோ சில்லென்று இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. தண்ணீராகவும் இருக்கலாம்.

அதன் பிறகு அவர் எந்தப் பந்தயத்துக்கும் போகவில்லை. பஞ்சாலை வேலைக்கு நிதானமாக நடந்து போய்வந்தார். உடம்பு வணங்கவில்லை என்று ஊர் பேசியது. அண்ணன் கூட்டிட்டுப் போகக் காணோமே என்று ஒருநாள் சீண்டினேன். "வருவான். இப்பம் ரெண்டு பேருக்குமே அவசரமில்ல" என்று சிரித்தார்.

நேற்று அவருக்கு அவர் மகன் கொள்ளி வைத்தான். எல்லோரும் திரும்பிப் பாராமல் நடந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு அந்த வழக்கம் இல்லை. கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருகிறவர்கள் நாங்கள். ஆனாலும் ஊரோடு ஒத்து நடந்தேன். எதிரே ரோட்டோரம் ஒரு வெள்ளை நாய் எழுந்து நின்றது. அது எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் பார்த்து, மெல்லத் தலையைத் திருப்பியது.

கோப்பைகள் அவர் வீட்டில் இருக்கின்றன. என்னிடம் இருப்பது அவர் ஒருமுறை திரும்பியதால் மிஞ்சிய இந்த உயிர். எனக்காகத் திரும்பிய மனிதருக்காக நான் திரும்ப மாட்டேனா? கூட்டத்தை முன்னால் போகவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

ரோட்டில் யாரும் இல்லை. புழுதி மட்டும் கிளம்பியிருந்தது, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் ஓடிப் போன அகலத்துக்கு.