அக்காவுக்குப் பாதியில் நின்ற ஒப்பாரி

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். மூணாறு எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிக் காய்த்துப்போன கை. எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் ஒப்பாரியில் என்னை மிஞ்ச இந்த லய வீடுகளில் ஆள் கிடையாது.

கடைசி மகன் ஜீப் ஓட்டுகிறான். மற்ற நேரமெல்லாம் கிடார்தான். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அவனே செய்கிறான். கடைக் கிடாரில் ஃப்ரெட் என்கிற குறுக்குக் கம்பிகள் அடித்து வைத்த இடத்திலேயே நிற்கும். என் குரலோ இரண்டு கம்பிக்கு நடுவில் போய் நிற்கிறதாம். அதற்காகவே கழுத்தில் பள்ளம் இழைத்து, ஃப்ரெட்டைத் துண்டு துண்டாக நறுக்கி, விரலால் தள்ளி வைக்கிற மாதிரி ஒன்று செய்தான்.

"ஒப்பாரி பாடும்மா, நான் நகத்திக்கிடுதேன்."

"சாவு விழாத வீட்லயா? யாருலே சாகணும், நீயா நானா?"

தாலாட்டு பாடிக் காட்டினேன். உதட்டைப் பிதுக்கினான். "அழுகையில வர்ற சுரம் இதுல இல்லம்மா."

போன மழையில் கம்பம்மெட்டில் என் அக்கா செத்தாள். அவன்தான் ஜீப்பில் கூட்டிப் போனான். பெண்களின் தோளைப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் 'டிங்' என்றது. திரும்பினால், சுவரோரம் உட்கார்ந்து, மடியில் கிடாரை வைத்து, காதை அதில் ஒட்டிக்கொண்டு துண்டு துண்டாகத் தள்ளிக்கொண்டிருக்கிறான். என் பாட்டு நின்றுபோனது. பாடை தூக்கும்வரை கூடப்பிறந்தவள் பாட வேண்டும். அக்கா பாதிப் பாட்டோடு போனாள்.

வருகிற வழியில், "பாதிதாம்மா பிடிச்சேன்" என்றான். அதோடு அவனிடம் பேச்சை விட்டேன். சோறு போடுவேன், பேச மாட்டேன். அந்தக் கிடார் கொட்டகையில் தொங்குகிறது. பாதித் துண்டுகள் இடம் பிடித்துவிட்டன. மீதி, விழுந்த பல் மாதிரி ஒரு மூலையில் குவிந்து கிடக்கின்றன.

இப்போது எனக்கு மூச்சு இளைக்கிறது. நீட்டிப் பாட வேண்டிய இடத்தில் குரல் அறுந்துபோகிறது. போன வாரம் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்:

"இனி அடுத்த ஒப்பாரி உனக்குத்தாம்மா. அன்னைக்குப் பாட நீ இருக்க மாட்டியே."

"வாயக் கழுவுங்க!" என்று மருமகள் சத்தம் போட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அவன் சொன்னதில் பொய் இல்லை.

மன்னிப்பெல்லாம் நான் கேட்க மாட்டேன். வீட்டிலும் பாட மாட்டேன். இடுகாடு வீடு இல்லையே. ஞாயிற்றுக்கிழமை அவன் ஜீப்பை எடுக்கட்டும். அக்காவைப் புதைத்த மேட்டில் நின்று, விட்ட இடத்திலிருந்து பாடுவேன், மூச்சு வருகிறவரை. கிடாரை அவன் கொண்டுவரலாம். ஆனால் தள்ளி உட்கார வேண்டும்; அது அவளுக்கான பாட்டு.

கொட்டகையில் அரம் தேய்க்கிற சத்தம் கேட்கிறது. அவன் மகளைக் கூப்பிட்டு இந்தத் தாளைக் கையில் கொடுத்தேன்.

"பாப்பா, நான் எழுதினத ஒருதரம் வாசி. சத்தமா வாசி. கொட்டகை வரைக்கும் கேக்கணும்."